ஆற்றோடு போன டோக்கன்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், எர்ணாகுளத்தில் இறால் உரித்தேன், பெங்களூரில் ஒரு பல் டாக்டர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டேன். இப்போது ஒரு கல்யாணச் சமையல் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஓர் ஊரில் இரண்டு வருடம் தொடர்ந்து இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். முதல் வேலை எது என்று யாராவது கேட்டால் பனியன் கம்பெனி என்று சொல்லிவிடுவேன். அது உண்மையில்லை. முதல் வேலை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் வழியில், ஒரு வண்டி ஸ்டாண்டின் கேட்டில். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒரே ஒரு நாள்தான் வேலை. ஆடிப்பெருக்கு அன்று.

கேட் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு நீள மூங்கில், அவ்வளவுதான். அதன் அடிப்பக்கம் ஒரு பாறாங்கல் கட்டியிருக்கும். நுனியில் ஒரு கயிறு. கயிற்றை விட்டால் கல்லின் கனத்தில் மூங்கில் தானாக மேலே போகும். இழுத்து முளையில் மாட்டினால் கீழே வந்து வழியை அடைக்கும். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து தென்னை மரங்களும் ஒரு வேப்பமரமும் நிற்கிற காலி மனை. ஆற்றில் குளிக்க வருகிறவர்கள், திதி கொடுக்க வருகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பணம் கட்டி அங்கே வண்டியை விடுவார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை முதலில் பார்த்தவர் அப்பா. சித்திரைத் தேர் சமயத்தில் பின்பக்கமாக வந்த ஒரு டெம்போ அவர் காலில் ஏறிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி, ஆறு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதம் சாப்பிடாமல் இருக்க முடியாது என்பதால் மறுவாரமே அம்மா போய் மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஸ்டாண்டின் முதலாளிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை இருந்தது. கடையைத் திறந்து வைத்துவிட்டுத் தினமும் பதினொரு மணிக்கு இங்கே ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவார். அம்மா நிற்பதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆடி பிறந்ததும் சொல்லிவிட்டார்.

"பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாளோட நின்னுக்கம்மா. அன்னிக்கு என் மச்சினனை நிறுத்தப் போறேன். அப்புறமும் அவனே பாத்துக்குவான்."

"ஏங்க, என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. பொம்பளைங்க மனசு சட்டுனு இளகிடும். புள்ளைக்குக் காச்சல்னு ஒருத்தன் சொன்னா மூங்கிலைத் தூக்கிடுவ."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம், அப்பா வேலைக்குச் சேரும் முன்பு கேட்டில் நின்ற ஓர் ஆள், தெரிந்த முகம்தானே என்று டோக்கன் வாங்காமல் ஒருவனை வெளியே விட்டுவிட்டான். தெரிந்த முகம் ஓட்டிப்போனது வேறு யாருடைய பைக்கோ. போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் முதலாளிதான் நடந்தார்.

அம்மா கெஞ்சினாள். பெருக்கு அன்றைக்கும் நானே நிற்கிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றாள். முதலாளி சம்மதித்தார். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி டோக்கன் இல்லாமல் வெளியே போனதாகத் தெரிந்தாலும் மறுநாள் வர வேண்டாம் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த வேலை போனால் அடுத்து என்ன என்று அவர்களுக்குள் பேச்சு வரவில்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

எனக்கோ ஒரே குஷி. பெருக்குக்குப் பள்ளி விடுமுறை. அம்மா ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பணம் வாங்க வேண்டும், டோக்கன் கிழிக்க மூன்றாவது கை வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனாள். நாலு சக்கர வண்டிக்கு ரோஸ் கலர், இரண்டு சக்கரத்துக்கு மஞ்சள். ஒவ்வொரு தாளிலும் ஒரே நம்பர் இரண்டு தடவை அச்சடித்திருக்கும். நடுவில் கிழித்து ஒரு பாதியை வண்டியில் செருக வேண்டும், மறு பாதியைக் கையில் கொடுக்க வேண்டும். வெளியே போகும்போது இரண்டும் சேர்ந்தால்தான் மூங்கில் மேலே போகும். "தொலைக்காம வச்சுக்கங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொன்னாள் அம்மா. நான் அதைத் திருக்குறள் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்.

அந்த வருடம் மேட்டூரிலிருந்து தண்ணீர் விட்டிருந்தார்கள். காவிரி கரை தொட்டுப் போனது. விடியும் முன்பே ஜனம் வரத் தொடங்கிவிட்டது. புதுத் தாலிக்கயிறு, காதோலை கருகமணி, மஞ்சள், பேரிக்காய், நாவல்பழம் என்று பெண்கள் கையில் எல்லாம் தட்டுத் தட்டாக இருந்தது. ஆண்கள் கையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு சாக்கு இருந்தது, பணம் கட்டாமல் உள்ளே போவதற்கு.

ஒரு ஜீப்காரர் கண்ணாடியை இறக்கி, "நான் கவுன்சிலரோட சகலை" என்றார்.

"அப்ப கவுன்சிலர் வண்டியில வாங்கண்ணே, ஃபிரீயா விடறேன். இது ஒங்க வண்டியா இருக்கே" என்றாள் அம்மா.

இன்னொருவர், "அஞ்சே நிமிஷம், காலை நனைச்சுட்டு வந்துடறேன்" என்றார்.

"அஞ்சு நிமிஷத்துக்கு நீங்க நனைவீங்க. வண்டி எடத்தை அடைச்சுக்கிட்டுத்தானே நிக்கும்? சில்லறையா குடுங்க."

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஜீப்காரர்கூடச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அம்மா இவ்வளவு பேசுவாள் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. வீட்டில் அவள் பாத்திரத்தோடு சரி. அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். அது வளையல் மாதிரி முழங்கைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு அந்த வேன் வந்தது. மணப்பாறை வேன். டிரைவரை எங்களுக்குத் தெரியும். வாராவாரம் எங்கள் தெருக்கடைக்கு முறுக்கு டின் இறக்க வருகிறவர். அன்று சவாரி ஓட்டி வந்திருந்தார்.

"என்னக்கா, புது கண்டக்டரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சம்பளம் இல்லாத கண்டக்டரு. பாத்து ஓரமா போங்க."

வேனில் இருபது பேர் இருந்தார்கள். மூன்று மாதம் முன்பு பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்துவந்த குடும்பம். மணப்பாறையில் ஏது ஆறு, அதனால் எல்லோரும் கிளம்பி காவிரிக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை முன் சீட்டில் பட்டுவேட்டியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை. நான் டோக்கனைப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, ஏதோ வீட்டுப் பத்திரம் போல இரண்டு கையாலும் மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

"மாப்ளகிட்டயே இருக்கட்டும்."

"தொலைக்காம வச்சுக்கங்க" என்றேன் நான்.

மாப்பிள்ளை தலையாட்டினார்.

பத்து மணி சுமாருக்கு வேன் திரும்பி வந்து மூங்கிலுக்கு முன்னால் நின்றது. நான் கையை நீட்டினேன். டிரைவர் பின்னால் திரும்பி டோக்கன் கேட்டார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை சட்டைப்பையைத் தொட்டார். பிறகு இடுப்பைத் தொட்டார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

அந்தப் பெண் மெதுவாக, "மாலைப் பையில போட்டீங்களே" என்றாள்.

புதுமணத் தம்பதிகள் கல்யாண மாலையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, பதினெட்டாம் பெருக்கு அன்று ஆற்றில் விடுவார்கள். மாலை காய்ந்து சருகாகியிருக்கும், இருந்தாலும் அதைக் குப்பையில் போடக் கூடாது, காவிரிக்குத்தான் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை மடியிலிருந்த மஞ்சள் பையில் இருந்தது அந்த மாலைகள்தான். டோக்கனையும் பத்திரமாக அதற்குள்ளேயே போட்டிருக்கிறார். படித்துறையில் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்ததில் கூச்சப்பட்டு, மாலையை வெளியே எடுக்காமல் பையோடு தண்ணீரில் விட்டுவிட்டார்.

வேனிலிருந்த இருபது பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள். ஒரே சமயத்தில் மூடிக்கொண்டார்கள். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளையை யார் குறை சொல்ல முடியும்? பெண்ணின் அப்பா வேனைவிட்டு இறங்கி அம்மாவிடம் வந்தார்.

"நான்தாம்மா தொலைச்சுட்டேன்."

அவருக்குப் பின்னால் பெண்ணின் தாய்மாமன் வந்தார். "அவரு எங்க தொலைச்சாரு? எங்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."

ஜன்னலிலிருந்து ஓர் அத்தை எட்டிப் பார்த்து, "அவங்க ரெண்டு பேரும் இல்லம்மா. டோக்கன் வச்ச தட்டைக் கவுத்தது நான்" என்றாள்.

அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு டோக்கனை எத்தனை பேருங்க தொலைப்பீங்க?"

டிரைவர் சிரித்தார். "அக்கா, என்னைத் தெரியாதா ஒங்களுக்கு? தூக்குங்க. இவங்க சமயபுரம் வேற போகணும்."

"நல்லாத் தெரியும். தெரிஞ்ச முகம்னு தூக்கக் கூடாதுன்னு உத்தரவு."

எனக்குப் பெருமையாக இருந்தது. முறுக்கு டிரைவருக்கே தூக்கவில்லை என்றால் அம்மா எவ்வளவு கண்டிப்பானவள். அதற்குள் பின்னால் இரண்டு கார்கள் வந்து ஹாரன் அடித்தன. அம்மா கடிகாரத்தை முழங்கையிலிருந்து கீழே இறக்கி மணி பார்த்தாள். கயிற்றை முளையில் மாட்டிவிட்டு, டிரைவர் ஜன்னலுக்குப் போய், தலையைச் சாய்த்து மெல்லிய குரலில் இரண்டு வார்த்தை சொன்னாள். டிரைவரின் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபேச்சு இல்லாமல் வேனைப் பின்னால் எடுத்து வேப்பமர நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு சீட்டில் சாய்ந்து பேப்பரை விரித்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். சரியான திட்டு வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா குடும்பத்தாரிடம் வந்து பணிவாகத்தான் சொன்னாள். "டோக்கன் கெடைச்சா அந்த நிமிஷம் அனுப்பிடறேங்க. இல்லைன்னா பதினோரு மணிக்கு மொதலாளி வருவாரு. அவரு வாயால சொன்னா அனுப்பறேன். என் பொழைப்பு இதுலதாங்க இருக்கு."

பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த இடத்தில் மாப்பிள்ளையை இப்படி நிறுத்திவைத்தால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். இளகுகிறாளா என்று. அம்மா தன் தண்ணீர்க் கேனைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றி அந்த அம்மாவிடம் கொடுத்தாள். மூங்கில் அசையவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆற்றில் விடுகிற தேங்காய், பழம், மாலை எல்லாம் அடுத்த படித்துறையில் பையன்கள் கையில்தான் போய்ச் சேரும். கொக்கி கட்டிய கழியோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இழுத்துப் போடுவார்கள். அதில் பாதிப் பேர் என் பள்ளிக்கூடம்.

"நான் போய் எடுத்துட்டு வரேம்மா" என்றேன்.

அம்மா பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை வேனிலிருந்து குதித்தார். "நானும் வரேன்."

"மாப்ள எதுக்குங்க போறீங்க?" என்று நாலு பேர் கத்தினார்கள். பெண்ணின் அம்மா வேறு விஷயத்துக்குப் பயந்தாள். "ஆத்தாளுக்குக் குடுத்ததைத் திரும்ப எடுக்கறதாவது. மொத ஆடியும் அதுவுமா."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். "மாலையை எடுக்கலைங்க அத்தை. பைக்குள்ள இருக்கற டோக்கனை மட்டும்தான்."

அதற்கு என்ன சொல்வது என்று மாமியார் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் ஓடிவிட்டோம்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரமாதமாக ஓடினார். காலையிலிருந்து பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த ஆளா இது என்று இருந்தது. ஓடும்போதே ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கம்மா எப்பவுமே இப்படித்தானா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஆமா. எங்கப்பாவே பயப்படுவாரு."

"எங்க வீட்லயும் இனிமே அப்படித்தான் போல" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அடுத்த படித்துறையில் மாலைகள் மலைபோல் குவிந்திருந்தன. நாங்கள் கேட்டதும் ஒரு பையன், "மஞ்சப் பையா? எந்த மஞ்சப் பை மாமா? நாலு இருக்கு" என்றான். நாலும் ஒரே மாதிரி ஜவுளிக்கடைப் பைகள். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் காய்ந்து நனைந்த மாலைகள். எது தன் கழுத்தில் கிடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுதான்னு நெனைக்கறேன். இல்ல, இது ரொம்பப் பெரிசா இருக்கு. எனக்கு அன்னிக்குத் தலை நிமிரவே இல்ல பாப்பா."

நான் கையை விட்டுத் துழாவினேன். மூன்றாவது பையின் அடியில் ரோஸ் கலரில் ஏதோ தட்டுப்பட்டது. தண்ணீரில் ஊறி, ஜவ்வரிசி வடகம் மாதிரி இருந்தது. டோக்கன்தான்.

"இந்தாங்க, அது எங்களுது" என்றான் கழி வைத்திருந்தவன். "நீங்க வேணாம்னு விட்டாச்சு. இழுத்தது நாங்க."

மாப்பிள்ளை அவனோடு வாதாடவில்லை. "எங்க வேன்ல அஞ்சு வகைச் சோறு இருக்கு" என்றார். பையன்கள் கழியைப் போட்டுவிட்டு ஈர டிரவுசரோடு எங்கள் பின்னால் வந்தார்கள். கிளம்புமுன் மாப்பிள்ளை அந்த மாலைகளைப் பையிலிருந்து எடுத்து, இந்தத் தடவை ஒழுங்காகக் கையால் தண்ணீரில் விட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். மாமியாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

திரும்பி வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மா கட்டிப்பிடித்துக்கொள்வாள், குறைந்தது தலையிலாவது கைவைப்பாள் என்று நினைத்தேன். டோக்கனை நீட்டினேன். அம்மாவின் முகம் சுருங்கியது. கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அதுக்குள்ளயா கெடைச்சிருச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அதைக் கவனிக்கவில்லை. ரோஸ் வடகத்தை இரண்டு விரலால் வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"நம்பர் தெரியலையே. காயட்டும்."

வேனின் மூக்கின் மேல் அதைப் பரப்பி, பறக்காமல் இருக்க ஒரு கூழாங்கல்லை வைத்தாள். டிரைவர் ஒரு விரலால் பேப்பரைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"காயற வரைக்கும் என்ன செய்யறது?" என்றார் தாய்மாமன்.

"சாப்பிடறது" என்றாள் வேனுக்குள்ளிருந்த அத்தை. சமயபுரத்தில் பிரிக்க வேண்டிய தூக்குவாளிகளை அங்கேயே பிரித்தாள்.

புளிச்சோறு, எலுமிச்சை சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. தொட்டுக்கொள்ள ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு டின் முறுக்கு. வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். பையன்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வழியில் நின்ற போலீஸ்காரருக்கு ஓர் இலை போனது. பைக்கை எடுக்க வந்த ஒரு வயதான தம்பதிக்கு இரண்டு இலை போனது. கவுன்சிலரின் சகலை ஜீப்பை எடுக்க வந்தவர், "இங்க சாப்பாடும் டோக்கன்ல சேர்த்தியா?" என்று கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்தார். பெண்ணின் அம்மாவே எழுந்து வந்து என் அம்மாவுக்கு இலையை நீட்டினாள். அம்மா ஒரு கையில் கயிற்றோடு நின்றபடியே சாப்பிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டுப் பெண்கள் மரத்தைச் சுற்றிக் கும்மி கொட்டத் தொடங்கினார்கள். புதுப்பெண் மாப்பிள்ளையின் அறுந்த செருப்பைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். நான் தேங்காய்ச் சோற்றில் முறுக்கை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டேன். அழுகை நின்ற இடம் தெரியவில்லை. எத்தனையோ ஊர்க் கல்யாணங்களில் சமைத்துப் போட்டுவிட்டேன். அப்படி ஒரு பந்தியை நான் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் மச்சினன்.

"என்னம்மா இது, ஸ்டாண்டா, கல்யாண மண்டபமா?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெண்ணின் அப்பா ஓடிவந்து, தொலைத்தது நான்தான் என்று முதலாளியிடமும் சொன்னார். முதலாளி வேனின் மேல் காய்ந்துகொண்டிருந்த டோக்கனைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா நிக்குது வண்டி?"

"ஒரு மணி நேரமாங்க."

"அழுதாங்களா?"

"அழுதாங்க. தண்ணி குடுத்தேன்."

மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. கும்மியடிக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏன் மாமா, கல்யாணக் கூட்டத்தைப் பாத்தா திருட்டு வண்டியாவா தெரியுது? இதுக்குப் போய் இத்தனை பேரை நிறுத்திவைப்பாங்களா? நானா இருந்தா அப்பவே தூக்கி விட்டிருப்பேன்."

முதலாளி திரும்பி மச்சினனை வெகுநேரம் பார்த்தார். என்னிடமிருந்து டோக்கன் கட்டை வாங்கி, ஒரு தாளின் பின்னால் வேன் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் கொடுத்தார்.

"தூக்கும்மா."

அம்மா கயிற்றை விட்டாள். மூங்கில் மேலே போனது. வேன் போகும்போது இருபது பேரும் கையாட்டினார்கள். மாப்பிள்ளை ஜன்னலில் தலையை விட்டு என்னைப் பார்த்து, "தொலைக்காம வச்சுக்கங்க" என்று என் குரலிலேயே சொன்னார். டிரைவர் அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

முதலாளி ஸ்கூட்டரில் ஏறும்போது, "நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா" என்றார். பிறகு மச்சினனிடம், "நீ உள்ள போய் டூவீலரையெல்லாம் வரிசையா நிறுத்து" என்றார். அப்பாவின் கால் சரியாகி அவர் வேறு வேலைக்குப் போன பிறகும், அந்த மனையில் லாட்ஜ் கட்டும்வரை, அம்மாதான் அங்கே நின்றாள்.

அடுத்த வாரம் முறுக்கு டிரைவர் எங்கள் தெருவுக்கு வந்தார். கடையில் டின்னை இறக்கிவிட்டு நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "வேலை நெலைச்சிருச்சாக்கா?" என்று கேட்டார். ஒரு பெரிய பொட்டலம் முறுக்கை என் கையில் கொடுத்தார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு அவரை அப்படித் திட்டினியேம்மா, அவருக்குக் கோவமே இல்லையா?"

"எப்படி திட்டினேன்?"

"ஜன்னல்கிட்ட போய். மெதுவா. அப்புறம் அவரு பேசாம வண்டியைப் பின்னால எடுத்தாரே."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எங்கடி திட்டினேன்?" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு வாரத்துக்கு முன் நடந்தது மறந்துவிட்டதே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. நாளெல்லாம் வெயிலில் நிற்கிறாள், தலையில் சூடு ஏறியிருக்கும். வல்லாரைக் கீரை சாப்பிட்டால் ஞாபகசக்தி வரும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் கீரைக்காரரிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். எனக்காகத்தான் வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டு, துவையல் அரைத்து எல்லாவற்றையும் என் தட்டிலேயே போட்டாள்.